பெரம்பூர் இன்ஸ்டிட்யூட், 1946

இன்று டான்ஸ் இல்லை.
நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார்கள், போட்டேன்.
"கப்பல் ஏறிடுவோம்" என்றார் கார்டு ரொசாரியோ.
"எங்கே?" என்றாள் டெலிபோன் ஆபீஸ் மேவிஸ்.
"ஊருக்கு."
யாரும் சிரிக்கவில்லை.
அவர் பிறந்தது ஜோலார்பேட்டையில்.

தகரத்தில் மழை இறங்கிற்று.
டிரைவர் லோபோ எழுந்து
ராஜா படத்தை ஒருமுறை பார்த்தார்.
"நாற்பத்திரண்டில் பேசின்பிரிட்ஜ் தாண்டி
தண்டவாளத்தில் பையன்கள் படுத்திருந்தார்கள்.
இருபது கெஜத்தில் வண்டியை நிறுத்தினேன்.
லேட் என்று மெமோ கொடுத்தான் வெள்ளைக்காரன்.
கல்லெறிந்தது அந்தப் பையன்கள்.
நான் எந்தப் பக்கம் கை தூக்க?"

போவதற்குப் பதினொன்று.
இருப்பதற்கும் பதினொன்று.
லோபோவின் கை மட்டும்
கால்சட்டைப் பையில் எதையோ திருகிக்கொண்டிருந்தது.

சோடா உடைத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்:
"கன்னியப்பா, நீ என்னடா சொல்றே?"
இருபது வருஷத்தில் முதல் கேள்வி.

அந்தப் பையன்களில் ஒருத்தன் என் மகன்.
லோபோ கொடுத்த கிறிஸ்துமஸ் காசில்
எட்டாவது வரை படித்தவன்.
எறிந்தானா என்று
நான் இன்னும் கேட்கவில்லை.

இருபத்து மூன்று முகமும் என்னையே பார்த்தன.

"ஐஸ் தீர்ந்துபோச்சு, தொரை" என்றேன்.