வானம் காலி

மேசைதான் எங்கள் அரபிக்கடல்.
கட்டம் போட்ட கடல்;
கொலாபாவிலிருந்து வசாய் வரை என் கை நீளம்.
காதில் கருவி, கையில் கோல்,
உடம்பில் காக்கிப் புடவை. அதற்குக் கஞ்சி போடுவதுதான்
ராணுவத்தில் எனக்கு வாய்த்த முதல் தோல்வி.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு நிறம்:
சிவப்பு, மஞ்சள், நீலம், மறுபடி சிவப்பு.
தகவல் வந்த நேரம் எந்த நிறமோ
அந்த நிறத்தில் அம்பு வைக்க வேண்டும்.
பழசு மேசையில் கிடந்தால் பெரின் என் கோலைத் தட்டுவாள்:
"செத்ததை எடு, சேவி."

சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
இந்த அறையில் நடப்பதை
அம்மாவிடம் சொல்லக் கூடாது.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட.

ஆகவே நான் டைப் அடிக்கிறேன்.
மாதுங்கா லேபர் கேம்ப் முழுக்க அப்படித்தான் பேச்சு.
ராத்திரி இரண்டு மணிக்கு
லாரியிலிருந்து குதிக்கும் டைப் அடிக்கிற பெண்.
குழாயடியில் என் குடம்
தானாகவே வரிசையின் கடைசிக்கு நடந்துபோயிருக்கும்.

பாஸ்கா முடிந்த வெள்ளி. மாலை நான்கு.
மேசையில் ஒரே ஓர் அம்பு,
கராச்சியிலிருந்து தபால் கொண்டுவரும் நம் விமானம்.
டோரீன் கொட்டாவியைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

நான்கு ஆறுக்குத்
தரை முதலில் வந்தது.
சத்தம் அதன் பின்னால்.
விட்டத்துச் சுண்ணாம்பு கடல் முழுக்க உதிர்ந்தது.
கராச்சி அம்பு கவிழ்ந்து கிடந்தது.

"எங்கிருந்து? எத்தனை?" மாடத்திலிருந்து கேப்டன்.
காதுக்குள் ஒவ்வொரு நிலையமாய்ப் பேசியது.
அலிபாக்: ஒன்றுமில்லை.
வசாய்: ஒன்றுமில்லை.
மலபார் குன்று: புகை. டாக் பக்கம் புகை.
மேலே?
மேலே ஒன்றுமில்லை.

"மேற்கே ஓர் அம்பு வை. எதிரி. எண்ணிக்கை தெரியாது.
பீரங்கிகள் காத்திருக்கின்றன."

கோல் நுனியில் அம்பு இருந்தது.
மஞ்சள். நேரம் சரிதான்.
ஆனால் யாரும் பார்க்காததை
எந்தக் கட்டத்தில் வைப்பது?
மேற்கே வருவது தபால்காரர்கள்.
மூன்று பேர், பதினாலு மூட்டைக் கடிதம்.

"வானம் காலி, ஸார்."
முதல் தடவை குரலே வரவில்லை.
இரண்டாம் தடவை டோரீன் திரும்பிப் பார்த்தாள்.
அவர் பெயரும் நம்பரும் கேட்டார். சொன்னேன்.
கவிழ்ந்த அம்பை நிமிர்த்தினேன்.

அரை மணி கழித்து இன்னொரு முறை தரை எழுந்தது.
இந்த முறை சிவப்பு.
மேசை அப்போதும் காலி.

திரும்பும்போது லாரியில் யாரும் பேசவில்லை.
எரிகிற பஞ்சு தெருவெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
கேம்ப்பில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
"ஏட்டி, ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டானாமே?" என்றாள் அம்மா,
என் தலையிலிருந்து கருகிய பஞ்சைப் பிய்த்தபடி.
"டைப் அடிக்கிறவளுக்கு என்ன தெரியும்," என்றது வாசலில் ஒரு குரல்.

இன்னாசியம்மாள் மட்டும் எதுவும் கட்டவில்லை.
தொம்மை டாக்கில் மூட்டை தூக்குகிறவர்.
எத்தனை விமானம், எத்தனை விமானம் என்று
அவள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.
என்னிடமும் கேட்டாள்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஞாயிறு அன்று தொம்மையின் தூக்குச்சட்டி வந்தது.
மூடி இல்லை.
அவள் முற்றத்தில் நின்று
அண்ணாந்து வானத்தைத் திட்டினாள்,
பெயர் சொல்லி, பரம்பரை சொல்லி,
தொண்டை உடையும்வரை.
அது ஒன்றும் செய்யவில்லை என்று அறிந்தவள்
அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.
குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தேன்.
யாரோ வரிசையில் முன்னால் போகச் சொன்னார்கள்.

திங்கள், நான்கு மணி ஷிஃப்ட்.
சுண்ணாம்பை யாரோ துடைத்திருந்தார்கள்.
கராச்சித் தபால், பத்து நிமிடம் தாமதம்.
நீலம்.