நாற்பது டிகிரி

காலை ஆறரை. அகுரேரியில் இன்னும் இரவு.
கழுத்துவரை வெந்நீரில் ஐந்து தலைகள்,
ஆவிக்குள் தெரிந்தும் தெரியாமலும்.
ஈர முடியில் பனி உறைந்து
எல்லோருக்கும் ஒரே வயது.

உன்னுருக்கு முழங்கால் வலி.
தோர்கெல் மீன் விலையைத் திட்டுவான்,
நேற்றுத் திட்டிய அதே சொற்களில்.
அவன் வீடு எந்தத் தெருவில்?
பதினோரு வருடம். கேட்கத் தோன்றியதில்லை.

போன வியாழன், மருந்துக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு தடித்த கோட்டு,
காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி.
"இந்த விலைக்கு ஒரு படகே வாங்கலாம்"
என்றது கோட்டு.

"தோர்கெல்!"

திரும்பினான்.
என் பூட்ஸிலிருந்து மெல்ல மேலேறி வந்தது பார்வை.
"அட, உனக்குக் கால்கூட இருக்கிறதா!"

கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.
பிறகு என்ன பேசுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
அவன் கையில் பெரிய மருந்துப் பை.
யாருக்கென்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

மறுநாள் தொட்டியில்
வெந்நீர் பீய்ச்சும் குழாயருகே
அவனுடைய மூலை.
எதுவும் சொல்லாமல் சற்றே நகர்ந்து
எனக்கு இடம் விட்டான்.
பிறகு மீன் விலை.

மைனஸ் ஒன்பதில் வீடுவரை நடந்தேன்,
கோட்டுக்குப் பொத்தான் போட
மறந்து.