துணிக் கணக்கு

ஏற்காடு மலைப்பாதை,
பதினோராம் கொண்டை ஊசி வளைவு.
சரிந்த மண்ணில் பாதியை அள்ளிவிட்டு
மீதிக்கு நீட்டிய கை நீட்டியபடி
பொக்லைன் நின்றுவிட்டது.

அடிவாரத்திலிருந்து பைக்கில் ஏறி வந்தேன்.
ஐப்பசி மழை விட்டிருந்தது, பனி விடவில்லை.
மேலே போகிற பஸ், கீழே இறங்கும் மிளகு லாரி,
முகூர்த்தம் நெருங்குகிற ஒரு கல்யாண வேன்.
எல்லாருக்கும் ஒரே குரல், ஹாரன்.

அர்த்தநாரி கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.
"பம்ப் அழுவுதுண்ணா. கை ஏறமாட்டேங்குது."
போனில் முதலாளி, செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து:
"ஓஸ்தான் போயிருக்கும். மாத்திட்டு வுடு. பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் என்பது
என் தொழிலில் ஓர் உதிரிபாகம்.
எந்தக் கடையிலும் கிடைக்காது,
எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

"பக்கெட்டைத் தரையில வை" என்றேன்.
வைத்தால்
ஓரமாய் நுழைந்துகொண்டிருந்த டூவீலர்களுக்கும் வழி அடையும்.
"தொங்கட்டுமேண்ணா, புடிச்சிட்டுத்தான இருக்கு."
ஆமாம், எண்ணெய் பிடித்துக்கொண்டிருக்கிறது.
அடியில் தலையைக் கொடுக்கப் போகிறவன் நான்.
பக்கெட் இறங்கியது. வழி அடைந்தது.
ஒரு ஹெல்மெட் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னது.

எஞ்சினை ஓடவிட்டு
ஓஸ் நெடுக ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை நகர்த்தினேன்.
கையால் தடவினால் சீக்கிரம் முடியும்.
அப்படிச் சீக்கிரமாய் முடித்த ஒருநாள்தான்
இடக்கை மோதிர விரல்
சேலம் பெரியாஸ்பத்திரியோடு நின்றுபோனது.
ஊசி முனை அளவு துளை, பெரிய வலிகூட இல்லை,
கழுவிவிட்டு டீ குடிக்கப் போனேன்.
எண்ணெய் உள்ளே நடந்துகொண்டிருந்தது.

அட்டை நனையவில்லை.
நல்ல ஓஸைக் கழற்றி நல்ல ஓஸை மாட்டி
பில் போட்டிருந்தால்
பன்னிரண்டாம் வளைவில் மறுபடி நின்றிருப்போம்.

"அப்ப அவன்தான்" என்றார் முதலாளி.
"கண்ட எண்ணெய ஊத்தியிருப்பான்.
டீசல் திருடுறவன் எதத்தான் செய்யமாட்டான்."
அர்த்தநாரி டீசல் திருடி நான் பார்த்ததில்லை.
சுண்ணாம்புக்கரட்டு வேலையில்
வெள்ளைப் புழுதி புருவத்தை நரைக்க வைத்த நாட்களிலும்
கிரீஸ் கன்னோடு ஒவ்வொரு பின்னுக்கும்
அவன் குனிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சினை அணைத்தோம்.
லிவர்களை நாலு பக்கமும் ஆட்டி
மிச்ச அழுத்தத்தைப் போகவிட்டு,
மூடியைச் சுற்றி மண் துடைத்து,
டேங்கைத் திறந்து டார்ச் அடித்தேன்.

வடிகட்டியின் வாயில்
மழைக்கால அட்டைப்பூச்சி மாதிரி
ஒட்டிக் கிடந்தது ஒரு துணி.
ஊதா. நடுவில் மஞ்சள் கோடு.
மூன்று மாதம் ஊறியும் சாயம் போகாத
கொண்டலாம்பட்டித் தறித்துணி.
என் பழைய லுங்கி. நானே கிழித்தது.
ஆடியில் சர்வீஸ் செய்தபோது போன் வந்தது,
பேசினேன், மூடினேன்.
யார் பேசியது என்றுகூட நினைவில்லை.

என் முதுகு எல்லாவற்றையும் மறைத்திருந்தது.
பிழிந்து பாக்கெட்டில் செருகினால் முடிந்தது.
அர்த்தநாரி சம்பளத்தில் ஆயிரமோ இரண்டாயிரமோ.

"என்னய்யா கெடச்சுது?"

"என் லுங்கி" என்றேன்.

போனில் கொஞ்ச நேரம்
அரிசி மூட்டை விழும் சத்தம் மட்டும்.
பிறகு, "எத்தன நிமிஷம் ஆவும்?"

ஒன்றரை மணி நேரம் ஆனது.
கல்யாண வேனிலிருந்து இறங்கியவர்கள்
பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
எங்களைத் திட்டியபடியே நடந்து ஏறிப் போனார்கள்.

மூடப் போகையில்
அர்த்தநாரி என் கையைப் பிடித்தான்.
"துணி எத்தன எடுத்தீங்க?"
"மூணு."
"காட்டுங்க."
இரண்டுதான் இருந்தது.
டேங்குக்குள் மறுபடி டார்ச் அடித்தேன்,
படிக்கட்டில் பார்த்தேன், டூல் பெட்டியைக் கவிழ்த்தேன்.

என் தோளிலிருந்து
மூன்றாவதை அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.