பதினேழு மீட்டர்

ஒன்று நாற்பத்தேழு மணிவரை
தா-ஆன் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்று நாற்பத்தெட்டுக்கு
அதன் எதிரே ஒரு மேடு.

பத்து மீட்டர். மூன்று மாடி உயரம்.
போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கியதுபோல்
படுகைப் பாறை
ஆற்றின் குறுக்கே எழுந்துவிட்டது.

விடிந்து எழுதிய இழப்புப் பட்டியலில்
ஜுவோலான் பள்ளியின் கூரை இருந்தது.
சாம் ஃபுக்-செங்கின் அண்ணி இருந்தாள்,
வயதும் வீட்டு எண்ணும் சேர்த்து.
நின்றுபோன தண்ணீரை
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அது தேங்கியது.
விளிம்பைத் தொட்டுப் பார்த்தது.
வழிந்து, மேட்டின் மறுபுறம் சறுக்கியது.
ஐந்தாண்டு இப்படியே, பெரிதாக ஒன்றும் நடக்காமல்.
மேலே கிடந்த கூழாங்கற்களைப் புரட்டித் தள்ளவே
அவ்வளவு நாள் பிடித்தது.
அதற்கும் கீழே சேற்றுக்கல்,
நகத்தால் கீறினாலே பொடி உதிர்வது.
கடலடியில் கிடந்த காலத்துச் சிப்பி ஒன்றை
இன்னும் விடாமல் பிடித்திருப்பது.

பிறகு ஒரு சூறாவளி.
பிறகு இன்னொன்று.
வெள்ளம் வெறுங்கையோடு வருவதில்லை.
தேங்காயளவு, பானையளவு, எருமையளவு
கற்களை மலையிலிருந்து
வேலைக்குக் கூட்டி வந்தது.
எறும்பு ஊரக் கல் தேயும் என்பது சரிதான்.
இங்கே எறும்பு வந்து சேரும்வரை
கல் இருக்கவில்லை.

நான் முதல்முறை நாடாவோடு வந்தபோது
கெவி இருபது மீட்டர் ஆழம்.
வயிற்றால் படுத்து எட்டிப் பார்த்தேன்.
தண்ணீர் தெரியவில்லை,
சத்தம் மட்டும் ஏறி வந்து
தாடையில் அதிர்ந்தது.
ஒரு மலை பிளக்க எத்தனை லட்சம் ஆண்டு என்று
தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
இது என் தம்பியின் மகளைவிட இளையது.

ஆண்டுதோறும் சுவரோரம் ஆப்பு அடிப்பேன்.
அடுத்த ஆண்டு ஆப்பும் இராது, சுவரும் இராது.
மேலே அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குச்
சோம்பலாய்க் கிளை பிரிந்து வரும் ஆறு,
கெவியின் வாசலில்
சட்டென்று ஒடுங்கித் திரும்ப வேண்டும்.
திரும்பும்போது தோள் இடிக்கிறது.
இடித்த இடம் விழுகிறது,
ஆண்டுக்குப் பதினேழு மீட்டர்.
வெட்டிய தண்ணீர்தான்
வெட்டின தடத்தையும் வழித்துக்கொண்டு போகிறது.
ஐம்பது ஆண்டில் இங்கே
கெவி இருந்ததற்குச் சாட்சி இருக்காது.
மேடு இருந்ததற்கும்.

இதைத்தான் ஃபுக்-செங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவர் ஏணிமேல் நின்று
ஜப்பானிலிருந்து வந்த பேரி மொட்டுகளை
உள்ளூர் மரத்தின் கிளையில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.
மேடு எழுந்தபோது
அவர் தோட்டத்தில் பாதி அதன்மேல் ஏறிக்கொண்டது;
நடுவில் இப்போதும் ஒரு படி,
தள்ளுவண்டிக்குப் பலகை போட்டிருக்கிறார்.

"கொட்டகைக்கு எவ்வளவு தூரம்?"
அறுபத்தெட்டு.
"வகுத்துச் சொல்."
நான்கு.

பல்லால் நாடாவை அறுத்தார்.
ஒட்டைச் சுற்றினார். கட்டை விரலால் அழுத்தினார்.
இந்த ஒட்டு ஒரு முறைதான் காய்க்கும்,
அடுத்த குளிரில் மறுபடி போட வேண்டும் என்றார்.
நான்கு தடவை போடலாம்.
ஐந்தாவதற்குப் பணம் கட்டாமல் இருந்தால் போதும்.

கீழே, புதிதாக விழுந்த சுவரின் முகத்தில்
சாய்ந்த நிலையில் ஒரு வரிசைக் கூழாங்கல்.
உருண்டவை, ஒன்றன்மேல் ஒன்று சரிந்தவை.
எந்த ஆறு, எந்த மேட்டுக்கு முந்தியது,
என் குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
பிளவு கீழே உறங்குகிறது என்று எழுதப் போய்
அடித்தேன். உறங்குவதாக எனக்குத் தெரியாது.

இந்த முறை ஆப்பு
பேரி மரங்களுக்கு நடுவே வந்துவிட்டது.
கருவியில் நான் குறி பார்க்க
ஒரு கிளையை விலக்கிப் பிடித்தார்.
மழை இருட்டிக்கொண்டு வந்தது.
எண் அழியக் கூடாதே என்று
காய்க்குப் போடும் காகிதப் பை ஒன்றை எடுத்து
ஆப்பின் தலையில் கவிழ்த்து
வாயை முறுக்கிக் கட்டினார்.