பதினொன்றாம் ஃபேடர்

இரவு பதினொன்றரை.
கீழே லேத் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.
கணபதியில் இனிமேல்தான்
ஒரு மைக்கை நம்பி ஆன் செய்ய முடியும்.

காலை பத்து மணிக்கு
சோமனூரிலிருந்து மயிலாத்தாள் வருகிறார்.
முப்பது வருஷம் விசைத்தறிக்கு நடுவில் பேசிய தொண்டை.
வரியின் முதல் சொல் தறியைத் தாண்டி வரும்,
கடைசிச் சொல் தறிக்குள்ளேயே விழுந்துவிடும்.
போன வாரம் ஒத்திகையில் சொல்லிப் பார்த்தேன்:
கடைசி வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாப் பாடுங்கக்கா.
"பாடறனுங்க தம்பி,
உங்களுக்குத்தான் கேக்கலியாட்ட இருக்குது."

ஆக, வரிக்கு வரி ஒரு விரல் ஏற வேண்டும்,
அடுத்த வரிக்குள் இறங்கியாக வேண்டும்.
நாற்பத்தெட்டு வரி. கூடவே உருமி, ஜமாப்பு, சலங்கை.
அதற்குத்தான் இந்த ஆட்டோமேஷன்.

பாலக்காட்டில் மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து
குணசீலண்ணன் எடைக்கு எடை பேசி வாங்கிய கன்சோல்.
மேனுவல் இருநூற்றுப் பதினாலு பக்கம்.
அறுபத்தோராம் பக்கத்தில் யாரோ டீ சிந்தியிருக்கிறார்கள்,
சரியாக எனக்கு வேண்டிய பத்தியில்.

ரைட்: கை செய்ததையெல்லாம் எழுதும்,
கை சும்மா இருந்ததையும் எழுதும்.
ரீட்: எழுதியதைச் செய்துகாட்டும்.
டச்: தொட்டால் உன் பேச்சு, விட்டால் அதன் பேச்சு.
லாட்ச்: விட்ட இடத்திலேயே நிற்கும்.
ஓரத்தில் 'மாமனார்' என்று குறித்துக்கொண்டேன்.

சும்மாதான் ரீட் அழுத்தினேன்.
மூன்று ஏறியது.
ஏழும் எட்டும் சேர்ந்து இறங்கின.
நான் ரீவைண்டிங் பட்டறையில் இருந்தவன்,
அஞ்சு எச்பி சப்மெர்சிபிளுக்குச் செம்புக்கம்பி சுற்றிய கை.
மோட்டார் தானாக ஓடினால் எங்கேயோ ஷார்ட்.
குனிந்து மோந்து பார்த்தேன்.
வார்னிஷ் கருகும் வாடை இல்லை.

யாரோ ஒருவரின் கடைசி மிக்ஸ்.
அழிக்காமல் போயிருக்கிறார்.
ஒரு ஒயரும் செருகவில்லை, ஒரு சத்தமும் இல்லை,
இருபத்துநாலு ஃபேடரும் ஒரு பாட்டை
முறத்தில் அரிசி நகர்கிற மாதிரி
சர்சர் என்று ஓட்டிக்கொண்டிருந்தன.

என்ன பாட்டோ தெரியாது.
ஆனால் அந்தப் பதினொன்று
சில நொடிக்கு ஒருதரம்
மயிரிழை ஏறி, நின்று, இறங்கியது.
வெகுநேரம் பார்த்த பிறகுதான் உறைத்தது:
பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம்.
மூச்சை வெட்டுவார்கள். நானும் வெட்டுவேன்.
இந்த ஆள் கை வைத்துத் தூக்கியிருக்கிறார்.

டச் போட்டு விரல் வைத்தேன்.
பால் குடிக்க முட்டுகிற குட்டியின் நெற்றிபோல்
தள்ளியது.
அழுத்தினேன், விட்டுக்கொடுத்தது.
விரலை எடுத்ததும் தன் தடத்துக்கே போய்விட்டது.

பன்னிரண்டில் ஒத்திகையைச் செருகி எழுதத் தொடங்கினேன்.
பதினெட்டு வரி முடிந்திருக்கும்,
ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
வந்தபோது என் பதினெட்டு வரியும் இல்லை.
சேவ் செய்வது எழுபதாம் பக்கத்தில் இருக்கிறது.
பாலக்காட்டுக்காரர் மட்டும் பத்திரமாக இருந்தார்.

மறுபடியும் முதல் வரி.
கடைசிச் சொல் விழப்போகிற இடத்தில் ஏற்றினேன்,
சொல் எழுந்து வந்தது.
இறக்கக் கொஞ்சம் பிந்திவிட்டேன்,
பின்னாலேயே அவர் மூச்சும் வந்துவிட்டது:
பஞ்சுத்தூசி உரசும் மூச்சு,
சொல்லைவிடப் பெரிசாக.
திருத்த விரல் போனது.
திருத்தவில்லை.
அடுத்த வரியிலும் வேண்டுமென்றே பிந்தினேன்.

நாலரைக்கு நாற்பத்தெட்டும் முடிந்தது.
சேவ். இன்னொரு சேவ்.
கீழே முதல் டவுன் பஸ் ஆரன் அடிக்கும்போது மூன்றாவது.

பன்னிரண்டுக்குக் கீழே புது டேப் ஒட்டி
மயிலாத்தாள் என்று எழுதினேன்.
பதினொன்றுக்குக் கீழே பழைய டேப்,
மலையாளத்தில் ஒரு பேர், ஓரம் சுருண்டு.
நகத்தால் நெம்பினால் வந்துவிடும்.
எனக்கு மலையாளம் படிக்க வராது.
ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டு
டீக்கடை திறந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.