இரண்டு வரிக்கு மேல் கூடாது

ஆர்லோ பிக்கெட் எழுதிய பதினோரு படங்களில்
நான்குக்கு நான் தமிழ் போட்டேன்.
திரைக்கு அடியில், வெள்ளை எழுத்தில்,
வரிக்கு முப்பத்தாறு எழுத்து,
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
செந்தூலில் கடைவீட்டு மாடி. கீழே டயர் கடை.
கதாநாயகி அழும்போதெல்லாம்
காற்றடிக்கும் இயந்திரம் இரைந்தது.

ஆளைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான்.
ஒஹாயோவில் தீவனக் கிடங்குக் கணக்கர் மகன்.
முதல் நாவல் அறுநூறு பிரதிகூடப் போகவில்லை.
இரண்டாவதைப் படக்கம்பெனி வாங்கியது,
அவரையும் சேர்த்து.
வாரச் சம்பளம், நீச்சல் குளம்,
முதல் மனைவிக்கு வீடு, அடுத்தவளுக்கு வழக்கு.
எழுதியதை ஒருவர் திருத்த
திருத்தியதை இன்னொருவர் திருத்த
பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாக நின்றார்
'மற்றும்' என்ற சொல்லுக்குப் பின்னால்.

எனக்கு அந்த 'மற்றும்' கூடக் கிடையாது.
குறையாகச் சொல்லவில்லை.
நிமிடத்துக்கு ஆறு வெள்ளி கொடுத்தார்கள்.

மூன்றாவது படம், கடைசிக் காட்சி.
அவன் பெட்டியோடு வாசலில்.
அவள் அடுப்படியில்.
திரும்பி வரச் சொல்லி ஆங்கிலத்தில் இரண்டே சொல்.
வந்துவிடு. வந்துடு. வருவாயா.
எதைப் போட்டாலும் அவள் வேறொருத்தி ஆனாள்.
மணி நாலு. விடிந்ததும் அனுப்ப வேண்டும்.
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.
சோம்பல்தான், வேறென்ன.
சரிபார்க்கும் தனசீலன் கவனிக்கவில்லை,
கவனித்திருந்தாலும் அவருக்கும் தூக்கம்.

போன மாதம் பினாங்கில் ஒரு கல்யாணம்.
மழைக்கு ஒதுங்கி சௌராஸ்தா சந்தை மாடி ஏறினேன்.
கீழிருந்து ஜாதிக்காய் ஊறுகாய் வாசம்.
சமையல் குறிப்புக்கும் வரிச்சட்டத்துக்கும் இடையில்
முதுகு கிழிந்து அவர் இருந்தார்.
இரண்டாவது நாவல். கம்பெனி கைவைக்குமுன்.

நின்றபடியே கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன்.
அவன் பெட்டியோடு வாசலில்.
அவள் அடுப்படியில்.
ஒன்றும் சொல்லவில்லை.
கெண்டிக்கு அடியில் தீயைக் குறைக்கிறாள்.
அடுத்த பத்தியில் ரயில்.

எந்தக் கம்பெனி ஆளோ
அவள் வாயில் திணித்த இரண்டு சொல்லை
தூக்கக் கலக்கத்தில் ஒருத்தி எடுத்துவிட்டிருக்கிறாள்,
தமிழ் மட்டும் படிக்கிறவர்களுக்கு.
வாய் அசைந்ததை அவர்களும் பார்த்திருப்பார்கள்.
என்ன சொன்னாளோ என்று
அவரவர் வீட்டுச் சொல்லைப் போட்டிருப்பார்கள்.

பிக்கெட் செத்து ஒன்பது வருஷம்.
யாரிடம் போய்ச் சொல்ல?

ஐந்து வெள்ளி என்று ஒட்டியிருந்தது.
நாலுக்குக் கேட்டேன்.
"இந்த ஆளையெல்லாம் யாரும்மா வாங்குறா" என்று
கடைக்கார நைனார் மூன்றுக்கே கொடுத்தார்.
எனக்குத்தான் கொஞ்சம் கோபம் வந்தது.
ஐந்தையும் வைத்துவிட்டு
மழையிலேயே இறங்கினேன்.