கொடிக்கயிறு

எல் ஆல்ட்டோவில் எங்கள் தெருவுக்கு
எண் மட்டும்தான், பெயர் கிடையாது.
விளக்குக் கம்பத்தில் தொங்கும் பொம்மைக்கும்
பெயர் கிடையாது.
செத்துப்போன என் வீட்டுக்காரரின் கால்சட்டை,
யூசேபியா தந்த கோட்டு,
உள்ளே வைக்கோலும் பிளாஸ்டிக் பைகளும்.
கழுத்தில் அட்டை:
திருட வந்தால் இதுதான் கதி.
எழுதியது ஃபோர்த்துனாத்தோ.
எங்களில் அவர்தான்
பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்.

ஜூன் மாதம். தொட்டித் தண்ணீரின் மேல்
ஆணியடித்தால் இறங்காத பனிக்கட்டி.
இரண்டு மணிக்கு விசில்.
முதலில் ஒன்று. பிறகு தெரு முழுக்க.
அந்தச் சத்தத்துக்கு யாரும் யோசிப்பதில்லை,
தூக்கம் கலைவதற்குள்
வாசலில் நிற்போம்.

அப்பாவி என்று பிற்பாடு
யாரும் சொல்லிக்கொண்டு வரவேண்டாம்.
யூசேபியாவின் கேஸ் சிலிண்டர்
அவன் தோளில்தான் இருந்தது.
அது போனால் அவளுக்கு அடுப்பில்லை,
சந்தையில் விற்கச் சூப்பில்லை.
போன மாதம் என் தையல் மிஷின் போனது.
ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன்.
கடைசியில்,
புகாரை ஜெராக்ஸ் எடுக்கக் காசு கேட்டார்கள்.

"கயிறு" என்றது ஒரு குரல்.
என் கொடியில் போர்வை
உறைந்து பலகையாய் நின்றது.
உருவினேன். மடிக்க வரவில்லை,
சுவரில் சாய்த்து வைத்தேன்.
கயிற்றை அவிழ்த்தது நான்.
கொண்டு போனதும் நான்.

கட்டும்போது பெயர் சொன்னான், வில்மர் என்று.
யாரும் கேட்டிருக்கவில்லை.
ஒரு பூட்ஸ் எங்கோ கழன்றிருந்தது.
"கால் குளிருது" என்றான்.
அடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஃபோர்த்துனாத்தோ தேடிப் போனார்,
சாக்கடையோரம் கிடந்ததை எடுத்து வந்தார்,
மண்டியிட்டு மாட்டிவிட்டார்.
நாடாவையும் முடிந்தார்.
எழுந்தார்.
அடித்தார்.

நான் அடிக்கவில்லை.
இதைச் சொல்லும்போதெல்லாம்
சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.
அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
மேலே காற்றில் திரும்பித் திரும்பி
என் வீட்டுக்காரர் கால்சட்டை,
முட்டியில் நான் வைத்த ஒட்டு.

விடிந்தபின் போலீஸ் வந்தது.
யார் கட்டியது?
தெரு.
யார் அடித்தது?
தெரு.
தெருவுக்கு என்ன பெயர்?
இல்லை என்றோம். அது உண்மை.

கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்தான் ஒரு போலீஸ்காரன்.
"அறுக்காதீங்க, அது என் கொடி."
என் வாய்தான்.
ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
அவன் என்னைப் பார்த்தான்,
கையுறையைக் கழற்றினான்,
விரலால் அவிழ்த்தான்.
நோட்டில் எதுவும் எழுதவில்லை.
வண்டியில் ஏற்றும்போது
வில்மருக்குக் கண் திறந்திருந்தது என்கிறாள் யூசேபியா.
நான் அவனுடைய பூட்ஸ் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கயிறு எட்டு பொலிவியானோ. வாங்கவில்லை.
இதன் நடுவே ஒரு முடிச்சு
யார் போட்டதோ, அப்படியே நின்றுவிட்டது.
நகத்தால் பார்த்தேன், ஊசியால் பார்த்தேன்,
பல்லாலும் கடித்துப் பார்த்தேன்.
இப்போது அந்த இடத்தை விட்டுத்தான்
துணி போடுகிறேன்.
போர்வைக்கு இடம் போதவில்லை.